ஒற்றைக் காது வெள்ளை

ஞாயிற்றோடு திங்களும் சேர்ந்து லீவு.
தாராபுரத்தில் பஸ் மாறி
மூலனூருக்கு முன்னால் ஏதோ ஒரு வலசில்,
பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோன நிறுத்தத்தில்
நானும் தமயந்தியும் இறங்கினோம்.
"ஆரு ஊட்டுக்குங்க?" என்றார் கண்டக்டர்.
"நடக்கறதுக்குங்க."
அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
ஊதாமல் நின்றார்.

தை மாத வெயில், புதுசாய் வெளுத்த துணிபோல.
ஆறு நாளும் ட்யூப் லைட்டுக்கு அடியில்
பனியனைத் திருப்பித் திருப்பி
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று
குற்றம் தேடிப் பழகிய கண் எங்களுக்கு.
இங்கே இட்டேரியின் இருபுறமும் கிளுவை வேலி
எங்கேயும் பிரியாமல் போகிறது.
கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்
ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வைக்கோல்.
"ஷேடு மாறியிருக்கு, பாஸ் ஆகாது" என்றாள் தமயந்தி.
நான் பாஸ் பண்ணினேன்.

காலி பால் கேனோடு ஒரு மொபெட் நின்றது.
"வண்டி பஞ்சருங்களா?"
"இல்லைங்க, சும்மா."
அடுத்தவர் பைக்கில் இருந்தபடியே,
"காடு பாக்க வந்தீங்களாட்ட இருக்குது,
ஏக்கரா என்ன வெலைக்குக் கேக்கறீங்க?"
"இல்லைங்க, சும்மா."
எருமையை ஓட்டிப்போன அக்கா
எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து
குரலைத் தாழ்த்தினாள்:
"ஊட்டுல ஏதாச்சும் சண்டையா கண்ணு?"

இவ்வளவு சின்னச் சொல்
இவ்வளவு பெரிய வெயிலில்
யாருக்கும் விளங்கவில்லை.

காதைத் துண்டால் சுற்றிய ஒருவர்
நாலாவதாக வந்து வண்டியை அணைத்தபோது
தமயந்தி முந்திக்கொண்டாள்.
"ஆடு ஒண்ணு காணமுங்க."
"வெள்ளாடுங்களா, செம்மிலிங்களா?"
"வெள்ளாடு."
"என்ன நெறமுங்க?"
"கருப்பு. ஒத்தக் காது மட்டும் வெள்ளை."
அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.
நடக்க எங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் யாரும் நிறுத்தவில்லை.
சேதி எங்களுக்கு முன்னால் போயிருக்கும்போல,
முருங்கைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பையன்
"கெடைச்சுதுங்களா?" என்று கத்தினான்.
கைகாட்டினோம், அவனும் காட்டினான்.
வெள்வேல மரத்தடியில் பொட்டலம் பிரித்தோம்.
காற்றாடியின் இறக்கை நிழல்
தயிர்சோற்றின் மேல் ஏறி இறங்கி,
ஏறி இறங்கி,
ஒரு பருக்கையும் கலையவில்லை.
என் குதிகாலில் கொப்புளம்.
தமயந்தி பையைத் துழாவி
குறை இருக்கும் இடத்தில் ஒட்டும்
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தாள்,
கொப்புளத்தைப் பார்த்து ஒட்டினாள்:
"ஆல்டருக்குப் போடறேன்."
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.
காடை ஒன்று புல்லுக்குள்ளிருந்து ஓடி
திரும்பவும் புல்லாகிவிட்டது.

பொழுது சாய்கிறபோது
அதே நிறுத்தம், உதிர்ந்த எழுத்து.
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
காதைத் துண்டால் சுற்றியவர் வந்தார்,
வேட்டி முழுக்க ஊசிப்புல்,
முழங்கையில் கிளுவை முள் கீறிய கோடு.
"அக்கட்ட நாலு கடவு எறங்கிப் பாத்தனுங்க.
பெரியகாட்டுல கருப்பு ஒண்ணு நின்னுது,
புடிச்சுப் பாத்தா ரெண்டு காதும் கருப்பு."

எங்களால் நிமிர முடியவில்லை.
அவருக்கும் இன்று லீவுதானே.
வீட்டில் கறிக்குழம்பு ஆறியிருக்கும்.

"கெடைச்சுதுங்க" என்றாள் தமயந்தி,
குரல் எங்கிருந்தோ வந்தது.
"அப்புறமென்னங்க!"
அவர் முகம் மொத்தமும் விரிந்தது,
தன் ஆடே கிடைத்த மாதிரி.
"எங்க நின்னுதுங்க?"

அவள் கையைத் தூக்கி
நாங்கள் நடந்த திசையைக் காட்டினாள்.
காட்டின் மேல் கடைசி வெயில்.
அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து
ரொம்ப நேரம்
அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
பஸ் வந்தது.
விசில் ஊதுவதற்குள்
என் பாவாடை விளிம்பிலும் ஊசிப்புல் இருந்ததைப் பார்த்தேன்.
பிடுங்கவில்லை.